கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மானிய மருத்துவக் காப்பீடு

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மானிய மருத்துவக் காப்பீடு என்பது, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்து வடபகுதியில் வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக, கட்டணத்தின் முழுமையையோ பெரும்பகுதியையோ அரசு அல்லது முதலாளி ஏற்றுக்கொள்ளும் மருத்துவப் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, மாநில அரசு கட்டணம் செலுத்தும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மற்றொன்று, தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் தொழிலாளர் அரசு காப்பீடு. மக்கள் வழக்கில் இ.எஸ்.ஐ. என்பது இதுவே.

முன்னதில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், அதாவது மாதத்துக்கு 10,000 ரூபாய்க்குள், இருத்தல் வேண்டும். பின்னதில் சேரத் தொழிலாளியின் மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டாதிருத்தல் வேண்டும். முதல் வரம்பைக் கடந்துவிட்ட, ஆனால் முதலாளியால் இரண்டாவதில் பதிவு செய்யப்படாத குடும்பத்துக்கு மானியக் காப்பீடு ஏதும் கிட்டுவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் மிகுந்த ஒரு தொழிற்பகுதியில் இத்தகைய குடும்பங்கள் அரியன அல்ல. ஆகவே ஒரு குடும்பம் எந்தத் திட்டத்திற்கு உரியது என்பதை நோய் வருமுன் அறிந்து வைத்தல் இங்கு மிக இன்றியமையாதது.

வட்டாரப் பின்னணி

திருவள்ளூர் மாவட்டம் 1997ஆம் ஆண்டு பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் வடகிழக்கு மூலையில், ஆந்திரப் பிரதேச எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி வட்டம் அமைந்துள்ளது. தெற்கே பொன்னேரி வட்டமும், கிழக்கே பழவேற்காடு ஏரியும், மேற்கே ஊத்துக்கோட்டை வட்டமும் உள்ளன. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16 (முன்னர் தேசிய நெடுஞ்சாலை 5) இவ்வட்டத்தின் ஊடாகச் செல்கிறது.

தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகம் (சிப்காட்) அமைத்த தொழில் வளாகம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. உருக்காலைகள், கட்டுமானக் கம்பி உருட்டாலைகள், வேதிப்பொருள் ஆலைகள், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஆகியன இதில் இயங்குகின்றன. தேர்வாய் கண்டிகையில் பின்னர் மற்றொரு சிப்காட் வளாகமும் உருவானது. உருக்கு உலைகளிலும் உருட்டாலைகளிலும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருமளவில் பணிபுரிகின்றனர். ஆலை வாயிலைத் தாண்டினால் நெல் வயல், செங்கல் சூளை, ஏரி மீன்பிடி, நூறு நாள் வேலை என முற்றிலும் வேறான ஒரு பொருளாதாரம் உள்ளது. ஒரே வீட்டில் கணவர் ஆலையிலும் மனைவி வயல் வேலையிலும் இருப்பது வழக்கமே. எனவே இரு திட்டங்களின் எல்லைக்கோடு பல நேரங்களில் ஒரே வீட்டின் நடுவே செல்கிறது.

வரலாறு

இந்தியாவில் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான வரைவை பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944ஆம் ஆண்டு அரசிடம் அளித்தார். அதன் அடிப்படையில் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. திட்டம் 1952 பெப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. செருமனியில் பிசுமார்க்கு 1883இல் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டமே, ஊதியத்திலிருந்து பிடித்தமும் முதலாளியின் பங்கும் சேர்ந்த இம்முறைக்கு உலக அளவில் முன்னோடியாகும்.

ஆனால் சம்பளச் சீட்டே இல்லாத உழவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் இம்முறை பொருந்தாது. அவர்களுக்கான முயற்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டு தாமதமாகவே வந்தது. கும்மிடிப்பூண்டிக்கு அண்டை மாநிலமான ஆந்திரப் பிரதேசம் 2007ஆம் ஆண்டு ஆரோக்கியசிறீ திட்டத்தைத் தொடங்கியது. நடுவண் அரசு 2008இல் இராட்டிரிய சுவாத்திய பீமா யோசனா என்ற பெயரில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை பாதுகாப்புத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2009 சூலை 23 அன்று 'உயிர்காக்கும் உயர்சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' என்பதைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களும் 26 நல வாரியங்களின் உறுப்பினர்களும் இதில் அடங்கினர். நான்கு ஆண்டுகளுக்குக் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்பது இதன் அளவு.

ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2011இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதனினும் விரிந்த நோய்ப் பட்டியலுடன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 சனவரி 11 அன்று தொடங்கப்பட்டது. யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் இதை ஏற்று நடத்தியது. நடுவண் அரசின் ஆயுசுமான் பாரத் பிரதம மந்திரி சன் ஆரோக்கிய யோசனா 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கியபோது, தமிழ்நாடு தன் திட்டத்தைக் கைவிடாமல் அதனுடன் ஒருங்கிணைத்தது. 2022 சனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கான புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அரசு குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் கட்டணம் செலுத்தும். வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்ததும் இவ்வொப்பந்தத்தில்தான்.

72,000 ரூபாய் என்ற வரம்பு 2009 முதல் 2022 வரை மாறாமல் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. இக்காலத்தில் கூலி பலமுறை உயர்ந்தது. ஆட்சிகள் மாறியபோது திட்டத்தின் பெயரும் நோய்ப் பட்டியலும் மாறின; வரம்பு மட்டும் அசையவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்

இத்திட்டத்தில் பயனாளி எந்தக் கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளைப் பணமின்றிப் பெறலாம். 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 1,090 சிகிச்சை முறைகளும், 52 நோயறி சோதனைகளும், 8 தொடர் சிகிச்சை முறைகளும் இடம்பெற்றன. சளி, காய்ச்சல், நீரிழிவு மாத்திரை போன்ற புறநோயாளர் செலவுகள் இதில் அடங்கா. இது பெருநோய்க்கும் அறுவை சிகிச்சைக்குமான பாதுகாப்பு என்றே கொள்ளல் வேண்டும்.

குடும்பம் என்பது பயனாளி, அவரது சட்டப்படியான கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரைக் குறிக்கும். பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை, அல்லது 25 வயது நிறையும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை பாதுகாப்பில் இருப்பர். இவர்கள் அனைவரின் பெயரும் குடும்ப அட்டையில் (ரேசன் அட்டை) இருத்தல் வேண்டும். நடைமுறையில் மிகுந்த சிக்கல் எழுவது இங்கேதான். மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையில் இருக்கும். பிறந்த குழந்தையின் பெயர் சேர்க்கப்படாமலே மூன்றாண்டு கடந்திருக்கும். தனிக்குடித்தனம் சென்ற மகன் புதிய அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பார். காப்பீட்டு அட்டைக்கு அலைவதற்கு முன் குடும்ப அட்டையைச் சரிசெய்துகொள்வதே முறையான வரிசையாகும்.

அடுத்து வேண்டுவது வருமானச் சான்று. இது கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருவாய்த் துறையிடம் பெறப்படுகிறது. இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு குடும்பத்தினரின் ஒளிப்படமும் கைவிரல் பதிவும் எடுக்கப்பட்டு அட்டை எண் வழங்கப்படும்.

ஆட்சியர் அலுவலகம் இருப்பது திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டியிலிருந்து அது சாலை வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. இரண்டு ஊர்களும் சென்னைப் புறநகர் இருப்புப்பாதையில் இருப்பினும், ஒன்று வடக்குத் தடத்திலும் மற்றொன்று மேற்குத் தடத்திலும் உள்ளது. தொடர்வண்டியில் செல்வோர் சென்னை வரை வந்து, வண்டி மாறி, மீண்டும் மேற்கே செல்ல வேண்டும். பேருந்தெனில் பெரியபாளையம் வழியாகச் செல்லலாம். எவ்வாறாயினும் ஒரு நாள் கூலி போய்விடும்; விரல் பதிவுக்காகக் குடும்பமே செல்லவேண்டின் இரண்டு கூலி போகும். கட்டணமில்லாத் திட்டத்தின் உண்மையான விலை இதுதான் எனலாம். மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது ஊர்களில் நடத்தும் சிறப்பு முகாம்களில் பதிந்துகொள்வது இவ்வட்டாரத்தாருக்குப் பெரும் சேமிப்பாகும்.

பலர் நோயாளியை மருத்துவமனையில் சேர்த்த பின்னரே அட்டைக்கு விண்ணப்பிக்கின்றனர். அப்போது வருமானச் சான்றுக்கு ஒருவரும் நோயாளிக்குத் துணையாக ஒருவரும் என இருவர் வேலையை விட வேண்டியதாகிறது. சிகிச்சைக்கு முன் மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி பெறுதல் வேண்டும். அட்டை எண் இல்லாமல் அந்த விண்ணப்பத்தை அனுப்ப முடியாது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை, அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்காக நோயாளியிடம் தனியே பணம் கேட்டல் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.

ஆவணங்களே இல்லாதோர் நிலை வேறு. திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பழங்குடியினர் கணிசமாக வாழ்கின்றனர். ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் இடம் மாறி வாழும் குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை பெறுவதே முதற்போராட்டம். திட்டத்தின் தகுதி விதிகளின்படி இவர்களைவிடத் தகுதியானோர் இல்லை. ஆவண விதிகளின்படி இவர்களே கடைசியில் நிற்கின்றனர்.

தொழிலாளர் அரசு காப்பீடு

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தொழிற்சாலைகளுக்கு இக்காப்பீடு கட்டாயமானது. 2017 சனவரி 1 முதல் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாயாகும். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய். மிகைநேரப் பணிக்கான ஊதியம் இவ்வரம்பில் கணக்கிடப்படாது. 2019 சூலை 1 முதல் தொழிலாளி தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். அதற்கு முன் இவை முறையே 1.75, 4.75 விழுக்காடுகளாக இருந்தன.

எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் பெறும் ஒரு தொழிலாளியிடமிருந்து 113 ரூபாய் பிடிக்கப்படும். முதலாளி 488 ரூபாய் செலுத்துவார். இத்தொகைக்கு அவரும், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்துள்ள பெற்றோர் ஆகியோரும் மருத்துவம் பெறுவர். முதலமைச்சர் திட்டத்தைப் போலன்றி இதில் புறநோயாளர் சிகிச்சையும் மருந்தும் அடங்கும், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முதல் நிலைச் சிகிச்சை பெற்று, வேண்டின் சென்னை அயனாவரம், கலைஞர் கருணாநிதி நகர் ஆகிய இடங்களில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவர். மருத்துவம் மட்டுமன்றிப் பண உதவியும் உண்டு. நோயுற்ற நாட்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை வழங்கப்படுகிறது. தகுதிபெற்ற பெண் தொழிலாளர்க்கு 26 வாரங்கள் மகப்பேற்று உதவி உண்டு.

உருக்காலைப் பகுதிக்கு மிக முதன்மையானது பணிக்காயப் பயனாகும். உலையருகே தீக்காயம், உருட்டாலையில் கை நசுங்குதல் போன்ற விபத்துகளில் தொழிலாளிக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு தற்காலிக ஊனப் பயனாக வழங்கப்படும். நோய்ப் பயனுக்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாட்கள் செலுத்தியிருத்தல் வேண்டும். பணிக்காயத்துக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நேரினும் பயன் உண்டு. இறப்பு நேரின் சார்ந்தோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படும்.

பங்களிப்புக் காலம், பயன் காலம் ஆகிய இரண்டையும் புரிந்துகொள்ளல் நன்று. ஏப்பிரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய பங்களிப்புக்கு, அடுத்த சனவரி முதல் சூன் வரை பயன் கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச்சு வரை செலுத்தியதற்கு, சூலை முதல் திசம்பர் வரை கிடைக்கும். இதனால், போதிய நாட்கள் செலுத்திவிட்டு அக்டோபரில் வேலை இழந்த ஒருவருக்கும் அடுத்த ஆண்டு சூன் இறுதி வரை தகுதி நீடிக்கிறது. வேலை போனால் அட்டையும் செல்லாது என்று எண்ணிப் பலர் தனியார் மருத்துவமனையில் கடன்படுகின்றனர். அதேபோல், ஊதிய உயர்வால் இடையில் 21,000 ரூபாயைத் தாண்டியவரும் அப்பங்களிப்புக் காலம் முடியும் வரை திட்டத்தில் தொடர்வர்.

ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணையே புதியவரிடம் கொடுத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய எண் பெற்றால், செலுத்திய நாட்கள் பல எண்களில் சிதறி, 78 நாள் கணக்கு எதிலும் நிறையாமல் போகலாம்.

இரு திட்டங்களுக்கும் இடையிலான இடைவெளி

நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறும் ஒருவர் மாதம் 26 நாட்கள் வேலை செய்தால் 10,400 ரூபாய் ஈட்டுவார். ஆண்டுக்கு 1,24,800 ரூபாய். கணக்கின்படி இக்குடும்பம் முதலமைச்சர் திட்டத்தின் வரம்பைக் கடந்துவிட்டது. மேலும் முதலமைச்சர் திட்டம் குடும்ப வருமானத்தைப் பார்க்கிறது; இ.எஸ்.ஐ. தனி ஒருவரின் ஊதியத்தைப் பார்க்கிறது. கணவர் 7,000 ரூபாயும் மனைவி 5,000 ரூபாயும் ஈட்டும் வீடும் வரம்புக்கு வெளியேதான். ஒழுங்கற்ற கூலிக்கு ஆவணம் இல்லாமையால் வருமானச் சான்று பெரும்பாலும் ஒரு மதிப்பீடாகவே அமைகிறது; அம்மதிப்பீடு இளகியிருப்பதனாலேயே பல குடும்பங்கள் உள்ளே இருக்கின்றன. ஆனால் ஆலையில் வங்கிக் கணக்கு வழியாக 12,000 ரூபாய் பெறுபவருக்கு அந்த இளக்கம் கிடைப்பதில்லை. அவருக்குரியது இ.எஸ்.ஐ.; அதில் பதிவு செய்யும் பொறுப்போ அவர் கையில் இல்லை.

கணினி நிரல் எழுதுவோர் இந்நிலையை எளிதில் அடையாளம் காண்பர்: முதல் நிபந்தனை பொய், இரண்டாம் நிபந்தனையும் பொய், அதன் பின் என்ன செய்வது என்ற வரி எழுதப்படவே இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டவராயினும், அவருக்கான இரு பங்களிப்புகளையும் செலுத்தும் கடமையை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு முதன்மை முதலாளியான ஆலை உரிமையாளர் மீதே சுமத்தியது. அவர் பின்னர் ஒப்பந்ததாரரிடம் அதை ஈடுசெய்துகொள்ளலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 இச்சட்டத்தைத் தன்னுள் அடக்கியது. ஒப்பந்தத் தொழிலாளர்க்கான கடமை அதிலும் தொடர்கிறது. தொழிலாளியிடம் பிடித்த தொகையைக் கழகத்துக்குச் செலுத்தாமல் விடுதல் குற்றவியல் நம்பிக்கை மோசடியாகும்.

ஆகவே ஒப்பந்தத் தொழிலாளி பார்க்க வேண்டியவை மூன்று: சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா, பத்து இலக்கக் காப்பீட்டு எண் தரப்பட்டுள்ளதா, அந்த எண்ணில் மாதந்தோறும் நாட்கள் ஏறுகின்றனவா. மூன்றாவதைக் கழகத்தின் இணையத்தளத்தில் தாமே காணலாம். பிடித்தம் இருந்து நாட்கள் ஏறாவிடில், அந்தச் சம்பளச் சீட்டே சான்றாகும். அதைத் தூக்கி எறிதல் கூடாது. எண்ணே வழங்கப்படாத நிலையில் விபத்து நேரின், ஆலை பதிவு செய்யத்தக்கது என்பதையும் தாம் அங்கு பணிபுரிந்ததையும் காட்டிக் கழகத்தின் கிளை அலுவலகத்தில் முறையிடலாம். வருகைப் பதிவின் ஒளிப்படம், வாயில் நுழைவுச் சீட்டு, வங்கியில் வரவான ஊதியம் ஆகியன இதற்குப் பயன்படும்.

பிற மாநிலத் தொழிலாளர்

தமிழ்நாட்டில் குடும்ப அட்டை இல்லாமையால் பிற மாநிலத் தொழிலாளர் முதலமைச்சர் திட்டத்தில் எளிதாகச் சேர இயலாது. எனினும் ஆறு மாதங்களுக்கு மேல் இம்மாநிலத்தில் வசிப்பதை உரிய அலுவலர் சான்றளித்தால் சேரத் திட்ட விதிகளில் இடமுண்டு. இவ்வழி பலருக்குத் தெரிவதில்லை.

மற்றொரு வழி, சொந்த மாநிலத்தில் பெற்ற ஆயுசுமான் அட்டையாகும். அத்திட்டத்தின் கீழ் நாட்டின் எந்த மாநிலத்திலும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். பீகார் தொடக்கத்திலேயே அத்திட்டத்தில் சேர்ந்தது. ஒடிசா 2025இல்தான் சேர்ந்தது. அதுவரை ஒடிசா தொழிலாளர்க்கு இவ்வசதி இல்லை. 14555 என்ற எண்ணில் அட்டைத் தகுதியை அறியலாம். ஆயினும் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இவை அனைத்தினும் மேலானது. அதற்குப் பிறந்த மாநிலமோ குடும்ப அட்டையோ பொருட்டன்று. ஊதியமும் பதிவும் மட்டுமே போதும்.

ஆரம்பாக்கம், எளாவூர் போன்ற எல்லையோர ஊர்களில், ஆந்திரப் பிரதேசக் குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் வேலை செய்வோரும் உள்ளனர். இவர்கள் அம்மாநிலத் திட்டத்துக்கே உரியவர்; இரு மாநில அட்டைகளிலும் பெயர் வைத்திருத்தல் கூடாது.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்

தமிழ்நாட்டில் உள்ள பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021ஆம் ஆண்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. முகாமில் பதிவு பெற்ற குடும்பங்கள் வருமான வரம்பின்றி முதலமைச்சர் திட்டத்தில் சேரத்தக்கவர்கள். இந்தியக் குடியுரிமை இல்லாதோருக்கும் மாநில அரசு தன் காப்பீட்டைத் திறந்து வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவோர்

இவர்களுக்கு நேரடி மானியம் ஏதுமில்லை. ஆலை எடுத்துத்தரும் குழுக் காப்பீடு அல்லது தாமே வாங்கும் தனியார் காப்பீடு என்பவையே வழி. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. புதிய தொகுப்புச் சட்டம் ஊதியம் என்பதற்குத் தந்துள்ள வரையறையில், வீட்டு வாடகைப் படி போன்றவை மொத்தத்தில் பாதி வரை கணக்கில் சேரா. எனவே மொத்தச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியோர் சிலரும் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வர இடமுண்டு. சம்பளத்தின் உட்பிரிவுகளை மனிதவளத் துறையிடம் கேட்டறிதல் நலம்.

ஒப்பீட்டுக்கு: ஐக்கிய அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருமானம் உயர உயரக் கட்டண மானியம் படிப்படியாகக் குறையுமாறு அமைக்கப்பட்டது. தாய்லாந்து 2002இல் தொடங்கிய திட்டம், பிற காப்பீடு இல்லாத அனைவரையும் வருமானம் கேளாமலே சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டு முறையில் படிகளும் இல்லை, எஞ்சியோரை ஏற்கும் கடைசி ஏற்பாடும் இல்லை. 10,000 ரூபாயில் ஒரு கோடு, 21,000 ரூபாயில் ஒரு கோடு.

அட்டை இல்லாமலே கிடைப்பவை

காப்பீடு இல்லை என்பது மருத்துவமே இல்லை என்றாகாது. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற எந்த அட்டையும் வேண்டா. கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. இருப்பினும் கும்மிடிப்பூண்டி மக்கள் பெருநோய்க்கு, தொடர்வண்டித் தடத்தை ஒட்டியே, சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ செல்கின்றனர். அட்டை உள்ளோர் அரசு மருத்துவமனையிலும் அதைக் காட்டுதல் நன்று. காப்பீட்டுத் தொகை அம்மருத்துவமனைக்கே வருவாயாகச் சேரும்.

நெடுஞ்சாலை விபத்துகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2021 திசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படும். தொடங்கியபோது இதன் அளவு ஒருவருக்கு ஒரு இலட்சம் ரூபாய். வருமானம், குடும்ப அட்டை, மாநிலம், நாடு எதுவும் கேட்கப்படுவதில்லை. தேசிய நெடுஞ்சாலை 16இல் இரவுப் பணி முடிந்து மிதிவண்டியிலோ நடந்தோ ஆலையிலிருந்து திரும்பும் தொழிலாளிக்கு, எந்தப் பதிவும் இன்றிப் பொருந்தும் பாதுகாப்பு இது. 108 அவசர ஊர்தியை அழைப்பவர், அருகிலுள்ள பட்டியலிட்ட மருத்துவமனைக்கே கொண்டுசெல்லுமாறு கேட்கலாம்.